பள்ளி மேடையா, தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவா?

பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் முதல் இருக்கை. ஆண்டு விழாவில் தனியாக வாசிக்கும் பகுதியும் அதற்குத்தான். அந்த நேரம் பார்த்து வாத்திய ஆசிரியர், “தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆடிஷன் கொடுக்கலாமே” என்கிறார். நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் விடுமுறையில் கூடி வாசிக்கும் குழு அது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இரண்டு நாள் கழித்து நாட்காட்டியை விரித்துப் பார்த்தால் கவலை. விடுமுறை எல்லாம் அங்கே போய்விடும், பள்ளி ஒத்திகைகள் தவறும், அடுத்த ஆண்டு பொதுத் தேர்வு வேறு. பிள்ளை ஒன்று சொல்கிறது, அப்பா ஒன்று சொல்கிறார், ஆசிரியர் இன்னொன்று சொல்கிறார்.

நான் வயோலா வாசிக்கிறேன்; வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள கருவி. பள்ளிக் குழுக்களுக்கும் இளையோர் ஆர்கெஸ்ட்ராக்களுக்கும் பிரிவு ஒத்திகை, அதாவது ஒரு கருவிக்காரர்களுக்கு மட்டும் தனி ஒத்திகை, எடுத்து வருகிறேன். என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் எது பெரியது என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் விடை உடனே கிடைத்துவிடும். ஆனால் அந்த விடையால் பயன் இல்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளைக்கு இசையில் இதுவரை கிடைக்காமல் இருப்பது எது?

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1905 முதல் 1934-இல் இறக்கும்வரை லண்டனில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர். அந்தப் பள்ளி மாணவியரின் ஆர்கெஸ்ட்ராவுக்காகக் கம்பிக் கருவிகள் கொண்டு வாசிக்கும் ‘செயின்ட் பால்ஸ் சூட்’டை எழுதினார். அதை முடித்த கையோடு, 1914-இல் ‘தி பிளானட்ஸ்’ எழுதத் தொடங்கினார். ஆறு ஹார்ன், டிம்பனி என்ற பெரிய முரசுகளுக்கு இரண்டு பேர், இரண்டு ஹார்ப், ஆர்கன், கடைசிப் பகுதியில் மேடைக்கு வெளியே மறைந்து நின்று பாடும் பெண்கள் குழு என்று அதன் படை பெரிது. இன்றைக்கு முதலாவதைப் பள்ளிக் குழுக்கள் வாசிக்கின்றன. இரண்டாவது, பெரிய இளையோர் ஆர்கெஸ்ட்ராக்கள் ஆசைப்படும் படைப்பு. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். பள்ளிக்கு எழுதும்போது அவர் தரத்தைக் குறைக்கவில்லை. சிறியவர்களின் கைக்கு எட்டும் இடத்தில், நல்ல இசைக்கு என்ன வேண்டுமோ அதை வைத்தார். பள்ளிக் கச்சேரி என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

## எதை வைத்து அளப்பது

முதலில் கருவி. பாதி முடிவு இதிலேயே இருக்கிறது. பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்து, ஒரு கருவிக்கென எழுதிய பகுதியை எத்தனை பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்பது. தனியாக வாசிக்கும் பிள்ளையும் பதினாறு பேரில் ஒருவராக வாசிக்கும் பிள்ளையும் கற்றுக்கொள்வது ஒன்றாக இருக்காது.

மூன்றாவது, நேரம் எந்த வடிவத்தில் போகிறது. வாரம் ஒரு மாலை என்று சிறுகச் சிறுகவா, இரண்டு வாரம் ஒரேயடியாகவா?

பிறகு, வாசிக்கக் கிடைக்கும் இசை, பக்கத்து நாற்காலியில் யார், பணம், உடம்பும் மனமும். இவற்றில் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

## பள்ளிக் கச்சேரி

பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் கருவிகள் ஒருபோதும் சரியான எண்ணிக்கையில் இருப்பதில்லை. ஃபுளூட் பத்துப் பேர் இருப்பார்கள், வயோலா ஒருவர், பசூன் என்ற நீண்ட, தாழ்ந்த குரல் குழலுக்கு யாருமே இல்லை. ஆசிரியர் ஒரு கையால் பியானோ வாசித்துக்கொண்டே மறு கையால் தாளம் காட்டுவார். இல்லாத கருவிகளின் பகுதிகளை இருக்கிற கருவிகளுக்கு இரவோடு இரவாக மாற்றி எழுதியிருப்பார். இது குறைதான். ஆனால் இந்தக் குறையில்தான் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது.

ஒரு பள்ளிக் குழுவில், தாழ்ந்த ஸ்வரங்களைத் தாங்கும் செல்லோ ஒன்றே ஒன்று. வாசித்த பெண்ணுக்குப் பதினான்கு வயது. மேடையில் வயலின்காரர்கள் ஒரு வரி முன்னால் ஓடிவிட்டார்கள், கிளாரினெட்காரர்கள் பழைய இடத்திலேயே நின்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் அடுத்த பெரிய நிறுத்தத்துக்கான அடி ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் வந்து சேரும்வரை விடவே இல்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நீ நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலை ஒரு பிள்ளைக்கு வரும்போது காது வேறு விதமாக விழித்துக்கொள்கிறது. நூறு பேர் கொண்ட குழுவில் பின் வரிசையில் இருந்திருந்தால் அவளுக்கு அந்த நிமிடம் வாய்த்திருக்காது.

இன்னொன்று, பள்ளிக் குழுவில் பல நிலைகளில் உள்ளவர்கள் சேர்ந்து உட்காருகிறார்கள். பக்கத்துத் தம்பிக்கு வில் பிடிப்பது எப்படி என்று காட்டும் பிள்ளைக்குத் தன் வில் பிடிப்பும் தெளிவாகிறது. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவர் டிம்பனி வாசித்த மறுநாள் எல்லோரும் அவரைத் தேடிப்போய்ப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்க வருகிறவர்களும் தெரிந்தவர்கள். வகுப்புத் தோழர்கள், கணக்கு டீச்சர், தம்பி, தங்கை. தெரிந்த முகங்களுக்கு முன்னால் வாசிக்கும் படபடப்பைத் தாண்டிவிட்ட பிள்ளைக்குத் தெரியாத அரங்கம் அவ்வளவு பயம் தராது.

செலவும் குறைவு. பல பள்ளிகள் பெரிய கருவிகளைத் தாங்களே வைத்திருக்கின்றன. டபுள் பேஸ், டிம்பனி, டியூபா போன்றவற்றை வீட்டில் வாங்கி வைப்பது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை.

மறைந்திருக்கும் விலையையும் சொல்ல வேண்டும். முதலாவது சுருதி. சுற்றியிருப்பவர்கள் சற்று இறங்கி வாசித்தால் நல்ல காதுள்ள பிள்ளையும் ஒத்துப்போவதற்காக இறங்கத் தொடங்கும். ஒரு வருடத்தில் அதுவே பழக்கமாகிவிடும். இரண்டாவது, மற்றவர்களை இழுத்துச் செல்வதற்காகச் சத்தமாக வாசிக்கும் பழக்கம். தலைமை வயலின் பிள்ளைகள் பலருக்கு மென்மையாக வாசிக்கவே வராமல் போவது இதனால்தான். மூன்றாவது, நன்றாக வாசிக்கும் பிள்ளையைப் பள்ளி எல்லாவற்றுக்கும் கூப்பிடும். விருந்தினர் வந்தால் வாசி, பரிசளிப்பு என்றால் வாசி, அதே நான்கு உருப்படிகளை வாசி. வருடம் முடியும்போது இருபது முறை மேடை ஏறியிருக்கும். புதிதாகக் கற்றது ஒன்றும் இருக்காது. நான்காவது விலைதான் கனமானது. தானே சிறந்தவர் என்ற அளவுகோல் பிள்ளைக்குள் உறைந்துவிடும். பதினெட்டு வயதில் இசைக் கல்லூரியின் வாசலில் அது உடையும்போது வலி அதிகம்.

## தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா

1945-இல் தொடங்கிய வேல்ஸ் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவைத்தான் உலகில் இவ்வகையில் முதலாவது என்று சொல்கிறார்கள். பிரிட்டனுக்கான குழுவை ரூத் ரெயில்டன் 1948-இல் தொடங்கினார். பிறகு கனடா 1960, ஜெர்மனி 1969 என்று வரிசையாக வந்தன. அமெரிக்காவில் இது மிகத் தாமதம். நியூயார்க்கில் உள்ள கார்னகி ஹால் என்ற இசை அரங்கம் 2013-இல்தான் தொடங்கியது. அதற்கும் சிறியவர்களுக்கான ‘என்.ஒய்.ஓ.2’ 2016-இல் வந்தது.

ஒவ்வொன்றின் அமைப்பும் வேறு. இதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பிரிட்டன் குழு 13 முதல் 19 வயதுவரை எடுத்துக்கொண்டு, குளிர்காலம், வசந்தம், கோடை என்று ஆண்டில் மூன்று முறை தங்கிப் பயிலும் முகாம் நடத்துகிறது. சுமார் 160 பேர். அங்கே இடம் கிடைத்தால் அந்த ஆண்டின் பள்ளி விடுமுறைகள் பெரும்பாலும் அதற்கே போகும். அடுத்த ஆண்டு இடம் வேண்டுமென்றால் மறுபடி முயல வேண்டும். அமெரிக்கக் குழுவில் 16 முதல் 19 வயதுவரை. கோடையில் ஒரே ஒரு நீண்ட முகாம், பிறகு கார்னகி ஹால் கச்சேரி, சுற்றுப்பயணம். பள்ளி நடக்கும் மாதங்களை அது தொடுவதே இல்லை. ஆகவே, பள்ளிக் கச்சேரியோடு மோதுமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். தேதிகளை எழுதி வைத்துப் பாருங்கள். மோதலே இல்லை என்று கண்டுபிடித்துச் சிரித்த குடும்பங்களும் உண்டு.

இனி உள்ளே நடப்பது. முதல் நாள் காலை முழு ஒத்திகை. பள்ளியில் முதல் இருக்கையில் இருந்த பிள்ளைகள் மட்டுமே அந்த அறை முழுதும் உட்கார்ந்திருக்கிறார்கள். முழு அளவு ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்பது வழக்கம். இரண்டு பேருக்கு நோட்டு வைக்கும் ஸ்டாண்ட் ஒன்று. உட்புறம், அதாவது பார்வையாளர்களிடமிருந்து தள்ளி, இருப்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். அந்த இரண்டு வினாடிகள் அவர் வாசிப்பதில்லை. இந்தச் சிறிய வழக்கத்திலேயே பிள்ளைக்கு ஒரு சேதி போய்ச் சேர்கிறது: நான் நிறுத்தினாலும் இசை நிற்காது.

போய் வந்த ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: “என் சத்தமே எனக்குக் கேக்கல டீச்சர். முதல் நாள் பயந்துட்டேன், வில்லை அழுத்தி அழுத்தி வாசிச்சேன். மூணாவது நாள் பக்கத்துல இருந்த அக்கா, ‘உன் சத்தம் கேக்கலைன்னா சரியா வாசிக்கிறேன்னு அர்த்தம்’னு சொன்னாங்க.” பிரிவு ஒத்திகையில் நான் பத்து முறை சொல்லிப் புரியாதது அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்திருக்கிறது. அந்த அக்காவுக்கு வயது பதினேழு. இந்தக் குழுக்களில் பிள்ளைகள் அதிகம் கற்பது ஒரே வயதுக்காரர்களிடம் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். பெரிய இசை நடத்துநர் சொல்வது பிரமிப்பாக இருக்கும். பக்கத்து நாற்காலி செய்வது கைக்கு வரும்.

இளையோர் ஆர்கெஸ்ட்ராக்கள் மாலர், ஷோஸ்தகோவிச் போன்ற இசையமைப்பாளர்களின் மிகப் பெரிய படைப்புகளை விரும்பி எடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அவற்றில் குழல், பித்தளைக் கருவிகளுக்கு நிறைய பகுதிகள் இருக்கின்றன. அழைத்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கிடைக்கும். பழைய சிம்பொனிகளில் அப்படி இல்லை. 1876-இல் முதலில் வாசிக்கப்பட்ட பிராம்ஸின் முதல் சிம்பொனி நான்கு பகுதிகளாக அமைந்தது; அதில் டிராம்போன் என்ற பித்தளைக் கருவிக்காரர்கள் முதல் மூன்று பகுதிகள் முழுதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து நான்காம் பகுதியில்தான் வாயை வைக்கிறார்கள். அதுவும் முதலில் வருவது மெல்லிய, சுத்தமான ஒரு கோவை. அரை மணி நேரத்துக்கும் மேல் உலோகம் குளிர்ந்து கிடந்த பிறகு அதைச் சுருதி பிசகாமல் ஊதுவது எவ்வளவு கடினம் என்று ஊதியவர்களுக்குத்தான் தெரியும். பள்ளியில் இந்தப் பாடத்தைக் கொடுக்க முடியாது; அங்கே எந்தப் பிள்ளையையும் அவ்வளவு நேரம் சும்மா உட்கார வைக்க ஆசிரியருக்கு மனம் வராது.

இங்கேயும் மறைந்த விலை உண்டு, அதில் முதலாவது உடம்பு. வீட்டில் தினம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வாசிக்கும் பிள்ளை முகாமில் திடீரென்று ஆறு, ஏழு மணி நேரம் வாசிக்கும். மணிக்கட்டு, தோள், கழுத்து, பித்தளைக்காரர்களுக்கு உதடு என்று எல்லாம் மூன்றாம் நாள் முனகத் தொடங்கும். பெருமையால் சொல்லாமல் வாசிப்பார்கள். நான் பார்த்த கைவலிகளில் பல, முகாமின் முதல் வாரத்தில் தொடங்கியவை. ஒரு மாதம் முன்பிருந்தே வாசிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வலி என்றால் அன்றே பிரிவு ஆசிரியரிடம் சொல்லலாம், அதனால் இடம் பறிபோகாது என்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். காதும் அப்படியே. வயோலாவும் பசூனும் பித்தளைகளுக்கு நேர் முன்னால் உட்காருவது வழக்கம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் சத்தத்தின் நிறத்தைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். வாங்கிக் கொடுங்கள், முகாமுக்கு முன்பே போட்டு வாசித்துப் பழகட்டும்.

அடுத்தது பணம். அமெரிக்கக் குழுவில் தேர்வானவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை; தங்குவதும் பயணமும் அவர்கள் பொறுப்பு. வேறு பல இடங்களில் கட்டணம் உண்டு, கேட்டால் உதவித்தொகையும் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஆடிஷனுக்குமுன் கூடுதல் வகுப்புகள், உடன் வாசிக்கும் பியானோக்காரருக்கான தொகை, புதுக் கம்பிகள், வில்லுக்குப் புது மயிர், கருவிக்குக் காப்பீடு, கறுப்பு மேடை உடை என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும்விடப் பெரிது, முகாம் முடிந்து வரும் பிள்ளை தன் கருவியைப் பார்க்கும் பார்வை. பக்கத்தில் இருந்தவரின் நல்ல கருவியைக் கேட்டுவிட்டு வந்திருக்கும். “நம்ம கருவி போதாதா அம்மா?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் பற்றி ஒன்று மட்டும். பின் மேசையில், அதாவது தன் பிரிவின் கடைசி ஸ்டாண்டில், உட்கார வைக்கப்பட்ட பிள்ளை முதல் இரண்டு நாள் தொலைபேசியில் அழலாம். அது இசையின் குறையும் இல்லை, பிள்ளையின் குறையும் இல்லை. பின் மேசையில் இருப்பவர்கள் நடத்துநரின் கையிலிருந்து தூரத்தில் இருப்பதால், முன்னால் கேட்கும் ஒலியை நம்பி வாசித்தால் தாமதமாகிவிடும். கண்ணால் பார்த்து, கேட்பதற்குச் சற்று முன்னதாகவே வாசிக்க வேண்டும். தொழில்முறைக் கலைஞர்களுக்கும் இது கடினமான இடம். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொன்னால் அங்கே உட்காருவதில் ஒரு மரியாதை வரும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பள்ளிக் கச்சேரி | தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா |
|---|---|---|
| ஒரு பகுதிக்கு ஆள் | ஒருவர், இருவர்; சில கருவிகளில் கூட்டம் | கம்பிக் கருவிகளில் 8 முதல் 16 வரை |
| நேரம் | வாரந்தோறும் கொஞ்சம் | விடுமுறையில் முழு நாட்கள் |
| வாசிக்கும் இசை | குழுவுக்கேற்ப மாற்றி எழுதியது, சிறிய படைப்புகள் | முழு அளவு சிம்பொனிகள் |
| நுழைவு | பெரும்பாலும் திறந்த கதவு | ஆடிஷன், வயது வரம்பு |
| வளர்வது | துணிவு, பொறுப்பு, பிறரைத் தாங்குவது | கலந்து ஒலிப்பது, சுருதி நுட்பம், காத்திருப்பது |
| கவனிக்க வேண்டியது | தவறான பழக்கங்கள், தேக்கம் | உடல் வலி, காது, ஒப்பிட்டுச் சோர்வது |

## கருவி சொல்லும் தீர்ப்பு

வயலின் என்றால் இடங்கள் அதிகம், போட்டியாளர்களும் அதிகம். நல்ல நிலையில் இருக்கும் பிள்ளை முயன்று பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் முப்பது நாற்காலிகள் இருக்கும்.

ஃபுளூட், கிளாரினெட் வேறு கதை. பள்ளிகளில் இவற்றை வாசிப்பவர்கள் ஏராளம். ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலிகள் மூன்றோ நான்கோ; பெரிய இளையோர் குழுக்களில் இன்னும் சில. மிக நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் இடம் இல்லாமல் போகும். அதை நம்பி மற்றதையெல்லாம் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஐந்து பேர் கொண்ட குழல் குழு ஒன்றைத் தொடங்கச் சொல்வேன். காது வளர்வதில் அது பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை.

வயோலா, டபுள் பேஸ், பசூன், ஓபோ, ஹார்ன் வாசிப்பவர்களுக்கு என் விடை தெளிவு: முயலுங்கள். வாசிப்பவர்கள் குறைவு. அதைவிட முக்கியமான காரணம், பள்ளியில் இந்தப் பிள்ளை தன் கருவியின் இன்னொரு ஆளைப் பார்ப்பதே அரிது. தன் கருவி எட்டுப் பேர் கையில் ஒன்றாக ஒலிப்பதை ஒரு டபுள் பேஸ் பிள்ளை முதன்முறை கேட்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வயோலாவில் அது பதினாறு வயதில் நடந்தது. இவ்வளவு காலம் தனியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மொழியை ஒரு கூட்டமே பேசக் கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் இதே கருவிகள்தான் பள்ளியில் மாற்று ஆள் இல்லாதவை. போனால் அங்கே ஒரு ஓட்டை விழும். அதை எப்படி அடைப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பியானோ மட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு ஆர்கெஸ்ட்ராவில் இடம் மிகக் குறைவு. பள்ளி மேடையும், பாடகருக்கும் பிற கருவிக்கும் உடன் வாசிப்பதும்தான் அதற்குப் பள்ளிக்கூடம்.

## யாருக்கு எது

பள்ளியிலேயே இருக்கட்டும் என்று நான் சொல்வது இவர்களுக்கு: மேடையில் இன்னும் கை நடுங்குகிறவர்கள், நோட்டைப் பார்த்தவுடன் வாசிப்பது இன்னும் திணறலாக இருப்பவர்கள் (முகாமில் முதல் மணி நேரத்திலேயே அது வேண்டும்), தேர்வு ஆண்டில் தூக்கம் குறைந்திருப்பவர்கள், இசையோடு நாடகமும் விளையாட்டும் வேண்டும் என்று மகிழ்ச்சியாக அலைகிறவர்கள். கடைசியாகச் சொன்னவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு இதுதான் வயது.

போகட்டும் என்று சொல்வது: இரண்டு ஆண்டாக முதல் இருக்கையில் எதிர்ப்பே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள், வீட்டில் யாரும் சொல்லாமலே முழு சிம்பொனியின் ஸ்கோரை (எல்லாக் கருவிகளின் பகுதிகளும் சேர்ந்த நோட்டை) விரித்து வைத்துக் கேட்கிறவர்கள், தன்னைப் போல இசைப் பித்துப் பிடித்த ஒரு நண்பர்கூட இல்லாதவர்கள். மூன்றாமவருக்காகத்தான் நான் மிகவும் பரிந்து பேசுவேன். பள்ளியில் தனக்குப் பிடித்ததைப் பேச ஆள் இல்லாத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு வாரம் வாழ்நாள் நட்புகளைத் தரும்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது: மாவட்ட அளவிலோ நகர அளவிலோ வாரம் ஒருமுறை கூடும் இளையோர் ஆர்கெஸ்ட்ரா. பள்ளியைவிட நிரம்பிய குழு, விடுமுறையை விழுங்காத நேரம். சந்தேகமாக இருப்பவர்கள் ஒரு வருடம் அங்கே இருந்து பார்த்தால் விடை தானாகத் தெரியும். வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ என்ற இசைக் கல்வித் திட்டம் இப்படிப் படிப்படியாகவே அமைந்தது. குடியிருப்புப் பகுதியில் உள்ள மையத்தில் குழந்தை வாசிக்கத் தொடங்கும். அங்கிருந்து மேலே மேலே போய் சிமோன் பொலிவார் ஆர்கெஸ்ட்ராவரை வரலாம். நடத்துநர் குஸ்தாவோ துதாமேல் அந்தப் படிகளில் ஏறி வந்தவர். அங்கே பள்ளி வயதுச் சிறு குழுவும் தேசியக் குழுவும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேல்படியும்.

வயது கடந்துவிடுமே என்று பதறுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பிய ஒன்றிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா, இத்தாலிய நடத்துநர் கிளாடியோ அப்பாடோ தொடங்கிய குஸ்தாவ் மாலர் இளையோர் ஆர்கெஸ்ட்ரா ஆகிய இரண்டும் 26 வயதுவரை எடுத்துக்கொள்கின்றன. பதினைந்தில் போகவில்லை என்பதால் கதவு சாத்தப்படுவதில்லை.

## ஆடிஷன் பற்றிக் கொஞ்சம்

சில குழுக்கள் நேரில் கேட்கும். அமெரிக்கக் குழு காணொளிப் பதிவு கேட்கிறது. தனி வாசிப்போடு ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளிலிருந்து சிறு துண்டுகளும் பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகள் தனி வாசிப்பைத்தான் மாதக்கணக்கில் தேய்ப்பார்கள். நான் கேட்கும் இடத்தில் இருந்தபோதெல்லாம் முடிவைச் சொன்னது துண்டுகள்தான். தாளம் ஓடுகிறதா, மென்மையான இடத்தில் சுருதி நிற்கிறதா, மற்ற கருவிகள் வாசிப்பது மனதில் கேட்டுக்கொண்டு வாசிக்கிறதா என்பது எட்டு வரியில் தெரிந்துவிடும்.

இடம் கிடைக்காவிட்டால் அடுத்த நாள் பள்ளி ஒத்திகைக்குப் போகட்டும். அன்றைக்குப் போகாமல் இருந்தவர்கள் கருவியை மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். போனவர்கள் யாரும் மூடவில்லை.

## இரண்டும் வேண்டும் என்றால்

பெரும்பாலான குடும்பங்களுக்குக் கடைசியில் இதுதான் விடை. அது நடக்க ஒரே வழி, பள்ளி இசை ஆசிரியரிடம் முதலில் சொல்வது. ஆடிஷன் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கையில் கடிதத்தோடு போய் நிற்கக் கூடாது. பிள்ளையை இத்தனை ஆண்டு வளர்த்தவர் அவர். கடைசி ஆளாக அவருக்குத் தெரிய வருவது நியாயமில்லை. ஆறு வாரம் இருந்தால் உருப்படியை மாற்றலாம், வேறு ஆளைத் தயார் செய்யலாம், தேதியைக்கூட நகர்த்தலாம்.

மாற்று ஆளே இல்லாத கருவி என்றால், அந்தப் பகுதியை வேறு கருவிக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்த வேலையைப் பிள்ளையே செய்யட்டும். பசூன் வாசிக்கும் ஒரு மாணவர் அப்படிச் செய்தார். தன் பகுதியைப் பேஸ் கிளாரினெட்டுக்குச் சுருதி மாற்றிப் பென்சிலால் எழுதினார். தான் மூச்சு வாங்கும் இடங்களில் சிறு கோடு போட்டார். பதினோராம் பக்கத்தில் வயலின்கள் எப்போதும் அவசரப்படும் என்று ஓரத்தில் குறித்து வைத்துவிட்டு முகாமுக்குப் போனார். கச்சேரி முடிந்து தாள்கள் திரும்பி வந்தபோது அதே ஓரத்தில் அவரைவிட இரண்டு வயது இளையவளான ஒரு தங்கை எழுதியிருந்தாள்: “ஆமா அண்ணா, ஓடிட்டாங்க. நான் பிடிச்சு நிறுத்திட்டேன்.”